பனிக்கு இசைந்து வென்ற நான்சென்

வலிமையை வலிமையால் எதிர்ப்பது வீரம். அதன் இயல்பறிந்து இசைந்து வெல்வது அறிவு. இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர் நார்வே நாட்டு அறிஞர் பிரிட்யோப் நான்சென் ஆவர். அவர் 1861ஆம் ஆண்டு, இன்று ஆஸ்லோ என வழங்கும் நகரின் அருகே பிறந்தார், விலங்கியல் பயின்றார். 1888இல் தோழர் ஐவருடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைச் சறுக்குக்கட்டைகளின் துணையாற் கடந்து புகழ்பெற்றார்.

வடமுனைக் கடல் உறைந்து கிடப்பினும் அசைவற்றுக் கிடப்பதன்று. காற்றும் நீரோட்டமும் அதன் பனிப்பாளங்களை இடைவிடாது உந்துகின்றன. பாளங்கள் ஒன்றைவிட்டொன்று விலகுமிடத்துப் பிளவு தோன்றி, கரிய நீர் வாய்க்கால்போல் விரிகின்றது. நெருங்குமிடத்து நிகழ்வதோ வேறு. கடற்பனி தன்னுள் உப்புநீரைக் கொண்டுள்ளமையால் ஓரளவு வளைந்து கொடுக்கும். நெருக்கம் மிகுந்தால் முறிந்து, துண்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றேறிக் குன்றெனக் குவியும். இடையில் அகப்பட்ட மரக்கலம் ஆலையிற் சிக்கிய கரும்பேயாம். 1881இல் சைபீரியாவின் வடக்கே ஜெனெட் என்னும் அமெரிக்கக் கப்பல் அவ்வாறே நொறுங்கி மூழ்கிற்று.

மூன்றாண்டுகட்குப்பின் அக்கப்பலின் பொருள்கள் சில கிரீன்லாந்துக் கரையிற் கிடைத்தன. மிதக்கும் பனியே அவற்றைச் சுமந்து வந்திருத்தல் வேண்டுமென நான்சென் துணிந்தார். பனியில் உறைந்து, அதனோடு மிதந்தே வடமுனையை அணுகலாமன்றோ? பட்டறிவு மிக்க கடலோடிகள் பலர் இதனை மறுத்தனர். அவர் தளரவில்லை. கப்பற் சிற்பி காலின் ஆர்ச்சர், பிராம் என்னும் கலத்தை அவர்பொருட்டு அமைத்தார். அதன் உடல் உருண்டு வழவழப்பாயிருந்தது. நெருக்கும் பனி அதனைப் பற்றமாட்டாது, அடியில் நுழைந்து மேலே உயர்த்திவிடும் என்பதே கருத்து.

1893இல் புறப்பட்ட பிராம், அவ்வாண்டு செப்டம்பரிற் பனியில் உறைந்தது. அதிலிருந்தோர் பதின்மூவர். 1895 சனவரியில் பெருஞ்சோதனை நேர்ந்தது. பனிமேடொன்று இடியோசையுடன் நெருங்கி, கப்பலின் விளிம்பைக் கடந்து தளத்தின்மீது சரிந்தது. உணவைப் பனிமீது இறக்கிவைத்து, கலத்தைக் கைவிடவும் ஆயத்தமாயினர். அந்நிலையிற் பிராம் தன்னைப் பிணித்த பனியினின்று விடுபட்டு மெல்ல மேலெழுந்தது, அனைவரும் உயிர்பிழைத்தனர்.

கப்பல் வடமுனையை எட்டாதென உணர்ந்த நான்சென், அவ்வாண்டு மார்ச்சில் யோகான்சென் என்பாருடன் பனிமீது நடந்து, அதுவரை எவரும் எட்டாத 86 பாகை வடக்கினையும் கடந்தார். பனிமேடுகள் வழிமறிக்கவே மீண்டார். 1896 ஆகஸ்டில் அவ்விருவரும் தாய்நாடு சேர்ந்தனர். பிராமும் சிதைவின்றி வந்து சேர்ந்தது.

முதல் உலகப் போருக்குப்பின், நாடிழந்து நலிந்த மக்கட்கு அவர் புகலிடம் தேடித் தந்தார். அத்தொண்டின்பொருட்டு 1922ஆம் ஆண்டு அமைதிக்கான நோபெல் பரிசு பெற்றார், 1930இல் மறைந்தார். பிராம் இன்றும் ஆஸ்லோவிற் காக்கப்படுகின்றது. இயற்கையைப் பழிப்பதினும் அதனைக் கற்பதே நன்று என்பதற்கு அக்கலம் சான்றாகும்.