வளையமும் வைரமும்: கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையார்

பென்சிலின் கரிய முனையும் அரசர் முடியில் ஒளிரும் வைரமும் கரியணுக்களாலேயே ஆனவை. அணுக்கள் ஒன்றோடொன்று பிணையும் முறையே வேறு. அம்முறையை அளந்து காட்டிய அறிஞருள் ஒருவர் கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையார்.

1903-ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டு நியூபிரிட்ஜ் என்னும் ஊரில், பத்து மக்களுள் கடைசி மகவாகப் பிறந்தார். தந்தையார் அஞ்சல் நிலைய அதிகாரி. வறுமை சூழ்ந்த குடும்பம். 1908-இல் தாயார் மக்களுடன் இங்கிலாந்தில் குடியேறினார். பெண்கள் பள்ளியில் பௌதிகம் கற்பிக்கப்படாமையால், கேத்லீன் ஆண்கள் பள்ளிக்குச் சென்று அப்பாடத்தைப் பயின்றார். 1922-இல் லண்டன் பல்கலைக்கழகத் தேர்வில் முதன்மையாகத் தேறிய அவரை வில்லியம் ஹென்றி பிராக் தம் ஆராய்ச்சிக் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

பிராக் தம் மைந்தருடன் 1913-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு வைரத்தின் அமைப்பைக் கண்டறிந்தவர். வைரத்தில் ஒவ்வொரு கரியணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களோடு பிணைந்துள்ளது. அப்பின்னலே அதன் உறுதிக்குக் காரணம். அதனுள் ஆறு அணுக்கள் கொண்ட வளையங்களும் உண்டு. அவை மேலும் கீழுமாக மடிந்தவை. பென்சீன் என்னும் பொருளிலும் ஆறு கரியணுக்கள் வளையமாக நிற்கின்றன என்று 1865-இல் ஜெர்மானிய அறிஞர் கெகுலே உரைத்திருந்தார். அவ்வளையமும் வைரத்தினுடையதைப் போல் மடிந்ததா, அன்றித் தட்டையானதா? மடிந்ததே என்று பிராக் எண்ணியிருந்தார்.

1927-இல் மணம் புரிந்து கேத்லீன் லீட்ஸ் நகர் சென்றார். அங்கே பேராசிரியர் இங்கோல்டு அளித்த பென்சீன் வகைப் படிகங்களை ஆராய்ந்து, வளையம் தட்டையானதே என 1929-இல் மெய்ப்பித்தார். ஆசிரியரின் எண்ணத்துக்கு மாறான முடிவு அது. மூன்று மக்களுக்குத் தாயான அவர், இல்லத்திலிருந்தே நெடுங்கணக்குகளை முடித்த காலமும் உண்டு. வீட்டு வேலைக்கு ஆள் அமர்த்திக்கொள்ளப் பிராக்கே பொருளுதவி பெற்றுத் தந்தார்.

1935-இல் அம்மையார் போரை மறுக்கும் குவேக்கர் சமயத்தைத் தழுவினார். உலகப் போரின்போது குடிமக்கள் பாதுகாப்புப் பணிக்குப் பதிந்துகொள்ளுமாறு சட்டம் பணித்தது. பதிந்திருப்பின், சிறு குழந்தைகளின் தாய் என்ற முறையில் விலக்குக் கிடைத்திருக்கும். ஆயினும் பதிவதையே அவர் மனச்சான்று ஒப்பவில்லை. 2 பவுன் அபராதத்தையும் செலுத்த மறுத்து, 1943-இல் ஒரு திங்கள் ஹாலோவே சிறையில் இருந்தார். வெளிவந்தபின் சிறைச் சீர்திருத்தத்துக்கும் உழைத்தார்.

சிறைசென்ற இரண்டே ஆண்டுகளில், 1945-இல், ராயல் சொசைட்டி தன் வரலாற்றில் முதன்முறையாக இரு பெண்மணிகளை உறுப்பினராக ஏற்றது. ஒருவர் மார்ஜரி ஸ்டீவன்சன். மற்றவர் நம் அம்மையார். 1949-இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியரானார். வைரங்களைப் பற்றியும் ஆராய்ந்த அவர் நினைவாக, விண்கல்லில் காணப்பட்ட ஓர் அரிய வைர வகைக்கு லான்ஸ்டேலைட்டு என்று பெயரிட்டனர். 1971-இல் அம்மையார் மறைந்தார்.

அன்பர்களே! அன்று ஆண்கள் பள்ளியின் கதவு அச்சிறுமிக்குத் திறவாதிருந்தால், இந்த அறிவை உலகம் அவர் வாயிலாகப் பெற்றிராது. நம் இல்லங்களிலும் புத்தகமும் கையுமாகப் பெண்மக்கள் உள்ளனர். அவர்கள் விரும்பும் பாடம் எங்குக் கிடைக்குமோ அங்கு அவர்களை அனுப்புவது நம் கடன்.