கௌஹர் ஜான் அம்மையாரின் வமிச விருத்தாந்தம்

நதிமூலமும் ரிஷிமூலமும் விசாரிக்கலாகாது என்பது நம் முன்னோர் வழக்கு. பாடகர்க்கும் அவ்விதி பொருந்துமென்று நாம் எண்ணியிருந்தோம். ஆயினும், சென்ற விடுமுறையிற் பாம்பன் கடற்கரையில் ஒரு நண்பர் இல்லத்தில் நிகழ்ந்த சிறு சம்பவம் அவ்வெண்ணத்தை மறுபடியும் ஆராயச் செய்தது. பழைய கிராமபோன் தட்டு ஒன்றின் பிரதியை நண்பர் எமக்குக் கேட்பித்தார். ஒரு பெண்மணியின் குரல் மூன்று நிமிஷ அளவு மின்னலென ஓடி நின்றது. பாட்டு முடிந்தவுடன் அக்குரலே ஆங்கில பாஷையில் தன் பெயர் கௌஹர் ஜான் என்று கூறி ஓய்ந்தது. அங்கிருந்தோருள் எவரும் ராகத்தின் பெயரை வினவினாரல்லர். அவ்வம்மையார் எந்த ஜாதி, எந்த மதம், எவர் வீட்டுப் பெண் என்பதே எல்லார் வாயினின்றும் எழுந்த முதற் கேள்வியாயிற்று. எம் வாயினின்றும் அதுவே எழுந்தது என்பதை மறைத்தற்கில்லை.

அக்கேள்வியை அம்மையார் தம் வாழ்நாளிலேயே ஒரு நியாயஸ்தலத்தில் எதிர்கொள்ள நேர்ந்தது என்பதைப் பின்னர் அறிந்தோம். ஆதலின் அவர்தம் சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு வரைகின்றோம்.

சேதுக்கரையிற் பிறந்த நமக்கு வமிசக் கலப்பு என்பது புதுமையன்று. அரபு நாட்டுக் குதிரைகளும் வணிகரும் பாண்டியர் காலத்தில் இக்கீழைக்கரையில் வந்திறங்கினர். பெரியபட்டினத்து மண்ணை அகழ்ந்தோர் சீன நாட்டுப் பீங்கான் ஓடுகளைக் கண்டனர். எபிரேய எழுத்துப் பொறித்த கல்லறைக் கல்லொன்றும் அவ்வூரிற் கிடைத்ததுண்டு. வேதாளையிற் போர்த்துக்கேசியர் தங்கினர். கீழக்கரையில் ஒல்லாந்தர் வணிகம் செய்தனர். இராமேசுவரத்திற்கோ பாரத தேசத்தின் எல்லாத் திசைகளினின்றும் யாத்திரிகர் வந்தவண்ணமிருக்கின்றனர். இத்தகைய கரையிலே, ஒரு துளி இரத்தத்தைச் சுட்டி இஃது இன்னாருடையது என்று எவரே அறுதியிட்டுரைக்க வல்லார்? கடல் கடந்த நாடுகளிலும் இஃதே நிலை. அமெரிக்காவின் தென்பாலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலே பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர், ஆப்பிரிக்கர் ஆகியோரின் வமிசங்கள் கலந்த கிரியோல் குடும்பத்தார், ஜாஸ் என்னும் புதிய சங்கீதம் பிறத்தற்குப் பெருந்துணையாயினர். நமது தேசத்தில் அவ்வாறு பல ஆறுகள் கூடிய சங்கமமாய் விளங்கியவர் கௌஹர் ஜான் அம்மையார்.

அவர் 1873-ஆம் வருஷம் ஜூன் மாதம் 26-ஆம் தேதி, வடநாட்டில் அஸம்கட் என்னும் ஊரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஏஞ்சலினா யோவர்ட் என்பதாம். தந்தையாகிய வில்லியம் ராபர்ட் யோவர்ட் ஆர்மீனிய வமிசத்தவர். எஞ்சினியர் உத்தியோகம் பார்த்தவர். தாயாகிய விக்டோரியா ஹெம்மிங்ஸ் இந்நாட்டிற் பிறந்தவர். விக்டோரியாவின் தந்தை ஆங்கிலேயர். தாயோ ருக்மணி என்னும் பெயருடைய இந்தியப் பெண்மணி. ருக்மணி இந்து சமயத்திற் பிறந்து, ஆங்கிலேயரை மணந்து, கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவினார். இவ்வாறு ஆர்மீனியம், இங்கிலாந்து, இந்தியா என்னும் மூன்று நாடுகளின் வமிசங்கள் அக்குழந்தையினிடத்தே ஒருங்கு சேர்ந்தன. குழந்தைக்கு அலகாபாத்திலே ஞானஸ்நானம் கொடுக்கப்பெற்றது. திருச்சபையின் பதிவேட்டில் அதன் பெயரும் பெற்றோர் பெயரும் எழுதப்பெற்றன. பிற்காலத்தில் அப்பதிவு எத்துணை அருமையுடையதாகுமென்று அன்று எவரும் அறிந்திலர்.

பெற்றோர்தம் இல்லறம் நீடிக்கவில்லை. 1879-இல், குழந்தைக்கு ஆறு வயது நிரம்புங்காலத்தில், விவாகம் ரத்தாயிற்று. ஆதரவற்ற தாயும் மகளும் மிக்க வறுமையுற்றனர். அப்பொழுது குர்ஷித் என்னும் முஸ்லிம் கனவான் ஒருவர் அவர்கட்குப் புகலளித்தார். 1881-இல் அவர்கள் காசி நகரம் சென்று இஸ்லாம் மார்க்கத்தைத் தழுவினர். விக்டோரியா மல்கா ஜான் ஆனார். ஏஞ்சலினா கௌஹர் ஜான் ஆனார். கௌஹர் என்னும் பாரசீகச் சொல்லுக்கு மணி அல்லது முத்து என்பது பொருள். முத்துக்குளித்தலுக்குப் பேர்போன கடலருகே வாழும் நமக்கு அப்பெயர் மிக இனிதாயிருக்கின்றது.

தாயாகிய மல்கா ஜான் காசியிலே ஆடல் பாடல் இரண்டிலும் தேர்ச்சியடைந்து பெரும்புகழ் பெற்றார். உருது பாஷையிற் கவி பாடும் வன்மையும் அவருக்கிருந்தது. 1886-இல் அவருடைய கவிதைகள் ஒரு நூலாக வெளிவந்தன. இதற்கு முன்னரே, 1883-இல், இருவரும் கல்கத்தா நகரத்திற் குடியேறினர். அயோத்தி நாட்டை இழந்த நவாப் வாஜித் அலி ஷா, அந்நகரின் புறத்தே மட்டியாபுருஜ் என்னுமிடத்திற் கலைஞர் பலரை ஆதரித்துவந்த காலம் அது. அச்சூழலிலே கௌஹர் பல ஆசிரியர்களிடம் பயின்றார். பாட்டியாலாவைச் சேர்ந்த காலே கான் முதலிய உஸ்தாதுகளிடம் ஹிந்துஸ்தானி சங்கீதமும், பிந்தாதீன் மகராஜ் என்பாரிடம் கதக் நடனமும், வங்காள ஆசிரியரிடம் கீர்த்தனமும் கற்றார். அவ்வாசிரியருள் முஸ்லிம்களும் இருந்தனர், இந்துக்களும் இருந்தனர். 1887-இல் தர்பங்கா சமஸ்தானத்தில் அவர்தம் முதற் கச்சேரி நடைபெற்றது.

தமிழகத்திலே இசையையும் நடனத்தையும் குலதனமாகக் காத்த மகளிர் குடும்பங்களில், வமிசம் தாய்வழியாகவே எண்ணப்பெற்றது. கௌஹர் ஜானின் காலத்தவராகிய வீணை தனம்மாளின் பரம்பரை, தஞ்சை அரண்மனையிற் சேவித்த மூதாட்டி முதலாகப் பெண்கள் வழியே சொல்லப்படுவதை நம்மவர் அறிவர். வடநாட்டுத் தவாயிப் மகளிரிடையேயும் தாயின் பெயரே முதன்மையுடையது. ஆகவே, தந்தை யார் என்னும் வினாவைப் பொருட்படுத்தாமலே கௌஹர் புகழின் சிகரத்தை அடைந்தார்.

1902-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், லண்டன் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த கெய்ஸ்பர்க் துரை கல்கத்தாவிற்கு வந்து, இந்தியாவின் முதற் பாட்டுத் தட்டுகளைப் பதிவு செய்தார். அவற்றுட் கௌஹர் ஜானின் தட்டுகளே தேசமெங்கும் பரவின. அக்காலத்தில் மின்சார ஒலிவாங்கி கிடையாது. அகன்ற தகரக் குழலொன்றினுள் முகத்தை நீட்டி, உரத்த குரலிற் பாடவேண்டும். தட்டில் அடங்கும் நேரமோ மூன்று நிமிஷம். இரவெல்லாம் விரித்துப் பாடுதற்குரிய ராகத்தை அத்துணைச் சிறிய காலத்துள் அடக்குதல் எளிதோ? பெரும் வித்துவான்கள் பலர் அதற்கஞ்சி ஒதுங்கினர். கௌஹர் ஜானோ ராகத்தின் சாரத்தை வடித்து, துரிதமான பிருகாக்களுடன் முடித்துக் காட்டினார். பதிவான மெழுகுத் தட்டுகள் ஜெர்மனி தேசத்து ஹனோவர் நகரத்திற்கனுப்பப்பெற்று அங்கே அச்சாயின. அங்குள்ள தொழிலாளர் பாடியவர் இன்னாரென அறிந்து பெயர்ச்சீட்டு ஒட்டும்பொருட்டே, பாட்டின் இறுதியிற் பெயர் கூறும் வழக்கம் ஏற்பட்டது. நாம் பாம்பனிற் கேட்ட அறிவிப்பின் காரணம் இதுவே.

1920 வரையில் அவர் ஏறக்குறைய 600 தட்டுகள் கொடுத்தாரென்பர். பாடிய பாஷைகள் பத்துக்கு மேற்பட்டன. அவற்றுள் நமது தமிழும் ஒன்றென்று எண்ணப்படுகின்றது. 1911-இல் டில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தர்பார் கூடியபொழுது, அலகாபாத் ஜானகி பாயுடன் சேர்ந்து பாடும் கௌரவமும் அவருக்குக் கிடைத்தது. ஒருமுறை அணிந்த ஆடையாபரணங்களை மறுமுறை அணிந்து பதிவுக்கு வந்ததில்லை என்று அவர்தம் செல்வநிலையைக் கெய்ஸ்பர்க் துரை வியந்திருக்கின்றார்.

இத்துணைப் பெருவாழ்வின் நடுவே தான் அவ்வினா இடிபோல் வந்து விழுந்தது. 1906-இல் தாயார் மல்கா ஜான் காலமானார். வீட்டுப் பணிப்பெண்ணின் மகனாய் அவ்வில்லத்திலேயே வளர்ந்த பக்லு என்பான், தானே மல்கா ஜானின் உண்மைப் புதல்வன் என்றும், கௌஹர் முறையான விவாகத்திற் பிறந்தவரல்லர் என்றும் கூறி, சொத்தின்மேல் வியாஜ்யம் தொடுத்தான். எந்த வீட்டில் அன்னமும் அன்பும் பெற்றானோ அவ்வீட்டையே கவர எண்ணினான். தேசமெல்லாம் அறிந்த பெயரையுடைய அம்மையார், அப்பெயர் போதாதென்றும், தாம் இன்னார் மகள் என்பதைச் சாக்ஷியத்தால் நிலைநாட்ட வேண்டுமென்றும் நியாயஸ்தலத்தில் நிறுத்தப்பட்டார்.

ஆறு வயதிற் பிரிந்த தந்தையை அவர் தேடிச் செல்லவேண்டியதாயிற்று. அவ்வுள்ளத்தின் நிலையை நேயர்களே சிந்தித்துப் பாருங்கள். வறுமையிற் கைவிட்டுச் சென்றவர். மகள் உலகப் பிரசித்தி பெற்ற பின்னும் நாடி வாராதவர். அவருடைய ஒரு சொல்லிலே தான் மகளின் மானமும் வீடும் தொங்கின. யோவர்ட் உயிருடன் இருந்தார். சாக்ஷி சொல்லுதற்கு அவர் முதலிற் பணம் கேட்டார் என்பதை எழுதுங்கால் எமது எழுதுகோல் கூசுகின்றது. எனினும், ஈற்றில் அவர் கௌஹர் தம் புதல்வியே என்று வாக்குமூலம் கொடுத்தார். ஞானஸ்நானப் பதிவும் துணை நின்றது. வழக்கில் வெற்றி அம்மையார்க்கே கிடைத்தது.

ஆனால், அவ்வெற்றி அவருக்கு யாது தந்தது? வீடு கிடைத்தது, தந்தை கிடைத்தாரல்லர். அதன்பின் தம் காரியதரிசியாகிய அப்பாஸ் என்பவரை அவர் நம்பி மணந்தார். அவ்வுறவும் முறிந்து வேறொரு வழக்காய் முடிந்தது. ஈட்டிய பொருளிற் பெரும்பகுதி அழிந்தது. ஊர் ஊராய்ச் சென்று வாழ்ந்த அம்மையாரை மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அழைத்து, 1928-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அரண்மனைப் பாடகியாக நியமித்தார். அந்நிழலில் அவர் நெடுநாள் இருக்கவில்லை. 1930-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 17-ஆம் தேதி, சுற்றத்தார் எவருமின்றி, மைசூரிலே தேகவியோகமானார்.

இச்சரித்திரத்தினின்றும் நாம் உணர்வது யாது? வமிசத்தை விசாரித்தல் தன்னளவிற் குற்றமன்று. தன் முன்னோர் யாவர் என்று அறிய விரும்புவது மனித இயல்பு. கௌஹர் ஜானின் பாட்டியாகிய ருக்மணியின் பெயரை அறியும்பொழுது நாமும் மகிழ்கின்றோம். அவ்விசாரணையை எதன்பொருட்டுச் செய்கின்றோம் என்பதே கேள்வி. பக்லு விசாரித்தது பறிப்பதற்காக. நாமும் பாம்பனில் விசாரித்தது, பாட்டின் மதிப்பைப் பாடியவர் பிறப்பாகிய மரக்காலால் அளப்பதற்காகவே என்று அஞ்சுகின்றோம். ஒருவர் எவ்வெவ்வாறு பலரால் ஆக்கப்பெற்றார் என்று நன்றியுடன் அறிதற்காக விசாரிப்பதே தக்கது. அவ்வகையில் நோக்கின், ஆர்மீனியத் தந்தையும், கவி பாடிய தாயும், ருக்மணிப் பாட்டியும் மட்டுமோ அவர்தம் வமிசத்தார்? தம் வித்தையை ஈந்த உஸ்தாதுகளும் பண்டிதர்களும் அவ்வமிசத்திற்கு அயலாராவரோ?

அலகாபாத்துப் பதிவேடு அவரை ஏஞ்சலினா என்றது. காசி நகரம் கௌஹர் என்றது. எதிரியின் வழக்கு மனு அவரை யாருமற்றவர் என்றது. அம்மையாரோ ஒவ்வொரு பாட்டின் முடிவிலும், தம் பெயர் இன்னதென்று தம் வாயாலேயே சொல்லி முடித்தார். சொல்வித்தது தொழிற்சாலையின் வசதியேயாயினும், இன்று அஃது எமக்கு வேறு பொருளுடன் ஒலிக்கின்றது. மறுமுறை பாம்பனில் அத்தட்டைக் கேட்குங்கால், பாட்டு முடிந்தபின் சற்றே மௌனமாயிருந்து, அவர் பெயரைக் கேட்டு, அதன் பின்னர் ராகத்தின் பெயரை வினவக் கடவோம்.