ஊதியம் பெற்ற வீரர் ஜிம் தோர்ப்

அமெரிக்கர் கால்பந்து என்று கூறும் ஆட்டம், நம் பிள்ளைகள் மாலையில் மைதானத்தில் ஆடும் கால்பந்தன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரை மோதித் தள்ளி எல்லைக்கோட்டைக் கடக்கும் முரட்டு ஆட்டம் அது. அதனைப் பணம் பெற்று ஆடுதல் கௌரவக் குறைவெனக் கருதப்பட்ட நாளில், அத்தொழிலுக்கு மதிப்பைத் தேடித் தந்தவருள் முதன்மையானவர் ஜிம் தோர்ப்.

இன்றைய ஓக்லஹாமா மாநிலத்தில், செவ்விந்தியர் குலமொன்றில் 1887-ஆம் ஆண்டளவில் பிறந்தார். இரட்டைப் பிறவியான தம்பியையும், பின்னர்த் தாய் தந்தையரையும் இளமையிலேயே இழந்தார். செவ்விந்தியச் சிறுவரைத் தம் மொழியையும் வழக்கத்தையும் மறக்கச் செய்வதற்கென்றே அமைந்த கார்லைல் பள்ளியில் பயின்றார். அப்பள்ளி 1911-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக அணியை 18-15 என வென்றபோது, பந்தை நான்கு முறை கம்பங்களுக்கிடையே உதைத்துச் செலுத்தியவர் அவரே.

மறு ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் கொண்ட பந்தயத்திலும், பத்துப் போட்டிகள் கொண்ட பந்தயத்திலும் தங்கம் வென்றார். ஆனால் 1913-இல் இரு பதக்கங்களும் பறிக்கப்பட்டன. முன்னர் வட கரோலினாவில் சிறு ஊதியம் பெற்றுப் பேஸ்பால் ஆடினார் என்பதே குற்றம்! கல்லூரி மாணவர் பலர் பொய்ப் பெயரில் செய்ததை இவர் சொந்தப் பெயரில் செய்தார். ஆட்சேபத்தை 30 நாளுக்குள் எழுப்ப வேண்டுமென்பது விதி. ஆறு திங்கள் கழிந்திருந்தது. இதனை நீதியென்று கூற எமக்கு நா எழவில்லை.

ஊதியம் பெற்றதற்காகத் தண்டிக்கப்பட்டவரை, 1915-இல் ஓஹையோ மாநிலத்துக் காண்டன் நகர அணி ஆட்டத்திற்கு 250 டாலர் கொடுத்து அழைத்தது. அவரைக் காண மக்கள் திரண்டனர். 1920-இல் தொழில்முறை அணிகள் ஒரு சங்கமாகக் கூடியபோது, அவர் பெயருக்கிருந்த மதிப்பைக் கருதி அவரையே தலைவராக்கின. தேசியக் கால்பந்து லீக் எனப் பின்னர் வளர்ந்தது அச்சங்கமே. 1922-இல் நாய் வளர்ப்பு வணிகர் ஒருவர், தம் நாய்களை விளம்பரப்படுத்தவே செவ்விந்தியர் அணியொன்றை அமைத்தார். இடைவேளையில் நாய் வித்தை காட்டிய அவ்வணியிலும் தோர்ப் ஆட நேர்ந்தது!

1928-இல் ஆட்டத்தை விட்டபின் வறுமை சூழ்ந்தது. மண் வெட்டினார், திரைப்படங்களில் சிறு வேடமேற்றார். 1950-இல் பத்திரிகையாளர்கள் அவரை அரைநூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரராகத் தேர்ந்தனர். 1953-இல் மறைந்தார்.

ஒலிம்பிக் குழு 1982-இல் இணை வெற்றியாளர் என்ற அளவிலேயே அவர் பெயரை மீட்டது. அவ்விரு பந்தயங்களிலும் தனி வெற்றியாளர் அவரே என்று அறிவித்தது 2022-இல்.