சிறையும் சிரிப்பும்

ஒருவரை அழ வைக்கத் துன்பத்தைக் காட்டினாற் போதும். சிரிக்க வைக்கவோ அறிவு வேண்டும். யாரையும் புண்படுத்தாமல் சிரிக்க வைக்க அன்பும் வேண்டும். சிரிப்பையே வாழ்வாகக் கொண்ட மோலியேரைப் பிரெஞ்சு மக்கள் இன்றும் போற்றுகின்றனர். 1673இல் தம் நாடகத்தில் நோயாளியாக நடிக்கும்போதே உடல் நலிந்து, அன்றிரவே உயிர் நீத்தவர் அவர். நமக்கு அப்படி ஒருவர் வாய்த்தார்; அவரே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் அவர் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். வறுமை பள்ளிப் படிப்பை இடையிலே முறித்தது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன், வில்லுப்பாட்டுப் பயின்று, டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் நடிகனாகி, அந்த மேடையிலேயே ஏறி நின்றான். 1935இல் 'மேனகா', 1936இல் 'சதிலீலாவதி' எனத் திரையுலகமும் அவரை அழைத்துக்கொண்டது.

மும்பையில் பயிலும் நமக்கு அண்மையிலுள்ள பூனாவுக்கும் அவர் வாழ்வில் இடமுண்டு. 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காக அங்கே சென்றபோதுதான் டி.ஏ. மதுரத்தை அவர் மணந்தார். அவர் ஏற்கெனவே மணமானவர் என்பது மதுரத்துக்குப் பின்னரே தெரிந்ததாம். பெரியோரிடமும் குறை உண்டு. அதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. எனினும் அந்த இணை திரையில் தோன்றினால் போதும், கொட்டகை குலுங்கும். மூடப் பழக்கத்தையும் குடியையும் சாதிச் செருக்கையும் அவர்கள் எள்ளினார்கள். எந்த மனிதனையும் இழிவுபடுத்தவில்லை.

புகழின் உச்சியில் இடி விழுந்தது. 1944 நவம்பரில் 'இந்துநேசன்' ஏட்டை நடத்திய லட்சுமிகாந்தன் சென்னையில் குத்துண்டு இறந்தார். அவ்வழக்கில் கிருஷ்ணனும் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கைதாயினர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நேற்றுவரை கொண்டாடிய நாடு அவர்களைக் கொலைகாரர் என்று பேசக் கேட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறு விசாரணைக்குத் திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுதலையாயினர். அதற்குள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கம்பிகளுக்குப் பின்னே கழிந்திருந்தன.

ஒரே வெப்பத்தில் மெழுகு உருகுகிறது, களிமண் இறுகுகிறது. 'ஹரிதாஸ்' படத்தால் நாட்டையே மயக்கிய பாகவதர் விடுதலைக்குப் பின் நடித்த படங்கள் பழைய வெற்றியைப் பெறவில்லை. அப்பெருங்கலைஞர் 1959இல் மறைந்தார். அவரிடம் குறை காண்பது நம் நோக்கமன்று. கிருஷ்ணனோ விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கணவர் சிறையிலிருந்த நாளில் மதுரமும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் நாடக சபையைக் கட்டிக் காத்திருந்தனர். கைம்பெண் மறுமணத்தைப் பேசிய அவர்களுடைய 'பைத்தியக்காரன்' 1947இலேயே படமாக வந்தது. விடுதலையானவரும் அதில் தோன்றினார். அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் 'கலைவாணர்' என்னும் பட்டம் சூட்டினார். 1949இல் அறிஞர் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' வந்தது. 'மணமகள்', 'பணம்' படங்களை அவரே இயக்கினார். 1956இல் 'ராஜா ராணி'யில் சிரிப்பின் வகைகளையெல்லாம் ஒரே பாட்டில் சிரித்துக் காட்டினார். சிறை கண்ட மனிதர் சிரித்த சிரிப்பு அது!

1957 தேர்தலில் காஞ்சியில் அண்ணாவுக்காகப் பேசியவர், எதிர்த்து நின்ற மருத்துவரையே நெடுநேரம் புகழ்ந்தாராம். இத்தகைய நல்ல மருத்துவர் ஊரிலேயே இருந்து நோய் தீர்க்கட்டும், அண்ணாவைச் சட்டசபைக்கு அனுப்புங்கள் என்று முடித்தாராம். எதிரியையும் காயப்படுத்தாத நகைச்சுவை எத்தனை பேருக்குக் கைவரும்?

ஈட்டியதை எல்லாம் கேட்டவர்க்குக் கொடுத்தார். நாகர்கோவிலில் காந்தியடிகளுக்குத் தம் செலவிலே நினைவுத்தூண் எழுப்பினார். 1957 ஆகஸ்டு 30ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதில், செல்வம் ஏதும் சேர்த்து வைக்காமலே மறைந்தார். 1969 சனவரியில் சென்னை தியாகராய நகரில் அவர் சிலையைத் திறந்து வைத்ததே அண்ணாவின் இறுதிப் பொது நிகழ்ச்சியாயிற்று.

நண்பர்களே, 'நல்லதம்பி'யில் அவர் நிகழ்த்தும் கிந்தனார் காலட்சேபத்தைத் தேடிக் காணுங்கள். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த சிறுவன் பட்டணம் சென்று படித்து உயர்வதே அதன் கதை. பிழைப்புத் தேடித் தாராவிக்கும் செம்பூருக்கும் சான்பாடாவுக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளாகிய நமக்கு அது அயலார் கதையா? பழி வந்த நாளில் குலையாமலும், புகழ் வந்த நாளில் பிறரைக் குத்தாமலும் வாழ்ந்த அவர் நெஞ்சுரத்தில் ஒரு பங்கையேனும் நாம் பெறுவோமாக!