ஏக்கத்தை ஆண்டுகொண்ட அடிகளார்

இளமையில் எதை விரும்புவது என்று அறியாது தடுமாறுகின்றோம். நடுவயதிலோ, விரும்பியது கைகூடுமா என்று அறியாது தவிக்கின்றோம். இத்தவிப்பை நன்கறிந்தவர், இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசப் வாஸ் அடிகளார்.

1651ஆம் ஆண்டு கோவாவில் பிறந்த அவர் 1676இல் குருப்பட்டம் பெற்றார். ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்கள் விரட்டப்பட்டு, இலங்கைக் கத்தோலிக்கர் திருவருட்சாதனங்களின்றி வாழ்வதை அறிந்து, அவர்களிடம் செல்ல விரும்பினார். ஆனால் 1681இல் திருச்சபை அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பியது. அவர் தம் ஏக்கத்தைக் கைவிடவில்லை. அதைக் காரணம் காட்டிக் கிடைத்த பணியில் குறைவைக்கவுமில்லை.

1687இல், முப்பத்தாறாவது வயதில், ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றுளைச்சலால் வீழ்ந்தார். தேறிய பின்னர் கழுத்தில் செபமாலையை அணிந்து, வீடு வீடாக இரந்து சென்று, மறைந்து வாழ்ந்த விசுவாசிகளைத் தேடினார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் அளித்தனர். 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறையிடப்பட்டார். விடுதலை எப்போதென்று தெரியாத அந்நாட்களில் சிங்களம் கற்றார்; சிறையிலேயே சிறு செபக்கூடம் அமைத்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இந்நாட்டில் வேறு குருவானவர் எவரும் அவருக்குத் துணையாக இருக்கவில்லை. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கைகளாலேயே பராமரித்தார். பின்னாளில் ஆயர் பதவி தேடிவந்தபோது அதனை ஏற்க மறுத்தார். 1711 தை 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார்.

மட்டாக வாழ்வதென்பது ஆசையே அற்றுப்போவதன்று. ஒரே பெரும் ஏக்கத்தைக் காப்பதற்காகச் சிறிய ஆசைகளைத் தளர்த்திவிடுவதே அது. உணவிலும் உடையிலும் பதவியிலும் அடிகளார் மட்டாக இருந்தார். மக்கள்மீது கொண்ட அன்பில் மட்டு வைக்கவில்லை.

வன்னி மண்ணில் வாழும் நமக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. 2009இல் போர் ஓய்ந்த பின்னர், அயலவருக்கு ஈடாக வாழவேண்டும் என்ற ஆசையில் லீசிங்கிலும் நுண்கடனிலும் சிக்கி அமைதியிழந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு மட்டாக வாழும்படி ஆலோசனை கூறலாம். ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக, 2017 மாசி 20 முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் அமரத் தொடங்கிய தாயிடம், ஏக்கத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கூற எவருக்கும் உரிமையில்லை. அவ்வேக்கம் பேராசையன்று, அன்பு. அவருக்கு நாம் கடன்பட்டிருப்பது அறிவுரையன்று. உண்மையைக் கேட்கும் குரலும், அருகிலிருக்கும் துணையும்.

2015 தை 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அடிகளாரைப் புனிதராக உயர்த்தினார். அன்றே மடு அன்னையின் திருத்தலத்துக்கும் வந்து, போரால் காயமுற்றோருடன் செபித்தார். சிறையில் நாளையதினத்தை அறியாதிருந்த புனிதரும், பதில் அறியாது காத்திருக்கும் மக்களும் அன்று ஒரே செபத்தில் இணைந்தனர்.

இவ்வாரம் இரண்டைச் செய்வோம். தேவையற்ற ஓர் ஆசையை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்போம். காத்திருக்கும் ஒருவரின் வீட்டுக்குச் சென்று, சற்றுநேரம் அவருடன் அமர்ந்திருப்போம்.

புனித யோசப் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.