யார் இந்த கிங் டப்பி? பழைய டேப் மெஷினில் எதிரொலி செய்த ரேடியோ மெக்கானிக்கின் கதை

கோம்பை, தேவாரம் பக்கம் மலையடிவாரத்தில் வளர்ந்தவர்களுக்கு எதிரொலி புதிதில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 170 மீட்டர் தள்ளி ஒரு பாறைச் சரிவு இருந்தால், கத்திய குரல் போய்த் திரும்பி வர ஒரு நொடி ஆகும். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் மலையே இல்லாத தெருவில், பாட்டுக்கு நடுவே அதே எதிரொலி வேண்டுமென்றால்? இன்று மொபைல் ஆப்பில் ஒரு தட்டு தட்டினால் போதும். ஐம்பது வருடங்களுக்கு முன் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஒரு ரேடியோ மெக்கானிக், பழைய டேப் மெஷினை வைத்து அதைச் செய்தார். ரீமிக்ஸ் என்று நாம் இன்று கேட்கும் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ரிப்பேர் வேலையில் தொடக்கம்

அவருடைய இயற்பெயர் ஆஸ்போர்ன் ரட்டாக். பிறந்தது 28 ஜனவரி 1941. டப்பி என்றால் ஆங்கிலத்தில் குண்டானவர் என்று அர்த்தம். ஆனால் இவருக்கு அந்தப் பெயர் வந்தது உடம்பை வைத்து அல்ல, அம்மாவின் குடும்பப் பெயரான டப்மேனிலிருந்து என்கிறார்கள்.

நம்ம ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் எப்படியோ, ஜமைக்காவுக்கு சவுண்ட் சிஸ்டம் அப்படி. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி, ரெக்கார்டு போட்டு, ஊரே ஆடும். யாருடைய செட் அதிகம் அதிர்கிறது என்பதில் கடும் போட்டி. அந்த செட்டுகளுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுப்பதும், பழுது பார்ப்பதும்தான் டப்பியின் தொழில். பிறகு ஹோம்டவுன் ஹை-ஃபை என்ற பெயரில் சொந்த செட்டே வைத்துவிட்டார். எக்கோவும் ரிவர்பும் வைத்து ஆட்களைக் கிறங்கடித்த செட் அது.

டப் என்றால் என்ன?

சினிமா டப்பிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1960களின் கடைசியில் டியூக் ரீட் என்ற தயாரிப்பாளரிடம் ரெக்கார்டு வெட்டும் வேலையில் இருந்தார் டப்பி. பாடகரின் குரலை நீக்கிவிட்டு, வெறும் இசையை மட்டும் தட்டில் ஏற்றும் வழக்கம் அப்போது பரவிக்கொண்டிருந்தது.

டப்பி இன்னும் ஒரு படி மேலே போனார். குரல் ஒரு வரி வரும், சட்டென மறையும். கிட்டார் ஒரு வெட்டு வெட்டிவிட்டு எதிரொலியில் கரையும். டிரம்ஸும் பேஸும் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். பாட்டு அதேதான், ஆனால் கேட்கிறவருக்கு வேறு பாட்டு. இதுதான் டப்.

1970களின் தொடக்கத்தில் வாட்டர்ஹவுஸ் பகுதியில், ட்ரோமிலி அவென்யூவில் இருந்த வீட்டிலேயே ஸ்டுடியோ போட்டார். டைனமிக் ஸ்டுடியோவிலிருந்து வாங்கிய பழைய எம்.சி.ஐ. மிக்ஸர், கையில் நான்கே டிராக். பாடகர்கள் நின்று பாடிய இடம் குளியலறை!

டேப்பில் எதிரொலி எப்படி வருகிறது?

டேப் மெஷினில் ஒலியைப் பதிக்க ஒரு ஹெட், படிக்க ஒரு ஹெட். பதிந்த இடம் படிக்கும் ஹெட்டை அடைய கொஞ்சம் நேரம் ஆகும். அந்தத் தாமதம்தான் எதிரொலி. ஹெட்டுகளுக்கு நடுவே 5 செ.மீ. தூரம், டேப் வேகம் நொடிக்கு 19 செ.மீ. என்றால், தாமதம் சுமார் கால் நொடி.

டப்பி ஒரு பழைய இரண்டு-டிராக் மெஷினில், டேப்பை வளையமாக ஒட்டி ஹெட்டுகள் மேல் சுற்றவிட்டார். திரும்பி வரும் ஒலியை மறுபடி பதிவுக்கே அனுப்பினால் எதிரொலிக்கும் எதிரொலி வரும். அளவு கூடினால் ஊளையிடும். ஒவ்வொரு சுற்றிலும் கூர்மையான ஒலிகள் மழுங்கும் என்பதால், தூரத்தில் போய் மறைவது போல ஒரு மென்மை கிடைக்கும்.

வீட்டு கேசட் டெக்கில் முடியுமா?

முடியும், ஆனால் அப்படியே முடியாது. சாதாரண டெக்கில் பதிவுக்கும் படிப்புக்கும் ஒரே ஹெட்தான். அதனால் செத்துப்போன இன்னொரு டெக்கிலிருந்து ஹெட்டைக் கழற்றி, பக்கத்தில் பொருத்த வேண்டும். கேசட் டேப்பின் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. மட்டுமே. எனவே 1 செ.மீ. தள்ளி வைத்தாலே 0.2 நொடி தாமதம்.

வரிசை முக்கியம்: முதலில் அழிக்கும் ஹெட், அடுத்து பதியும் ஹெட், கடைசியில் படிக்கும் ஹெட். புது ஹெட்டிலிருந்து வரும் சிக்னல் ரொம்பச் சின்னது, அதற்குத் தனி ப்ரீ-ஆம்ப் வேண்டும். டெக்கைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குவது கட்டாயம்.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

கடையில் வாங்கும் எக்கோ கருவிகள் அன்றே இருந்தன. டப்பியின் சத்தம் தனித்து நின்றதற்குக் காரணம், மெஷினின் உள்ளே என்ன நடக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. மிக்ஸரையே வாத்தியம் போல வாசித்தார். 1976-ல் அகஸ்டஸ் பாப்லோவின் ஆல்பம் கிங் டப்பியின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. மிக்ஸிங் இன்ஜினியர் ஒருவருக்கு அப்போது இது பெரிய அங்கீகாரம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே பதிவிலிருந்து பல டப்கள் விற்றபோது, முதலில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனிப் பங்கு கிடைப்பது அரிது. கோம்பைக்குப் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் உரிமை வழக்குகளால் தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி பழக்கம்: மெட்டுக்காரருக்கா, பாடியவருக்கா, தயாரிப்பாளருக்கா? டப்பியின் கதை அந்த வரிசையில் மிக்ஸ் செய்தவரையும் சேர்க்கிறது.

கடைசி இரவு

பிரின்ஸ் ஜாமி, சயின்டிஸ்ட் என இவரிடம் தொழில் கற்றவர்கள் பெரிய பெயர் எடுத்தார்கள். 1985-ல் ஜாமி ஒரு சின்ன காஸியோ கீபோர்டின் தாளத்தை வைத்துச் செய்த பாட்டு, ஜமைக்கா இசையை டிஜிட்டல் பக்கம் திருப்பியது. டப்பியும் புது ஸ்டுடியோ கட்டி அந்தப் பாதையில் இறங்கினார்.

6 பிப்ரவரி 1989. ஸ்டுடியோ வேலை முடிந்து திரும்பியவரை வீட்டு வாசலிலேயே யாரோ சுட்டுக் கொன்றார்கள். வயது 48. கொலையாளி பிடிபடவே இல்லை.

இன்று டேப் எக்கோ என்று விற்கும் சாஃப்ட்வேர்கள் மோட்டாரின் தள்ளாட்டத்தையும் டேப்பின் தேய்மானத்தையும் கணக்குப் போட்டு நகலெடுக்கின்றன. ஒரு மெக்கானிக் சரிசெய்ய வேண்டிய குறைகள் அவை. இப்போது அவற்றுக்குத்தான் விலை.