காவேரியிலும் கோதாவரியிலும் காட்டன் துரை

முக்கொம்பு மேலணையை நம்மில் நிறைய பேர் பார்த்திருப்போம். அதைக் கட்டியவரைப் பத்தி அதிகம் பேசுறதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆர்தர் காட்டன் 1803-ல் இங்கிலாந்தில் பிறந்தார். கம்பெனி பட்டாளத்து இன்ஜினியராக 1821-ல் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயசு 18தான். சில வருஷம் கழித்து காவேரிப் பாசன வேலை அவர் கைக்கு வந்தது.

அப்போ தஞ்சாவூர்ப் பக்கம் நிலைமை மோசம். முக்கொம்பில் ஆறு ரெண்டாகப் பிரிகிற இடத்தில் கொள்ளிடம் பள்ளமாகிக்கொண்டே போனது. தண்ணியெல்லாம் அந்தப் பக்கம் ஓடி கடலுக்குப் போயிடும். காவேரியில் மணல் மேடு தட்டி வாய்க்கால்கள் காய்ந்தன. காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் கட்டினார். கல்லணையில் மணல் வெளியேற மதகு வைத்தார். மேலணை வந்த பிறகு காவேரிக்குள் தண்ணி வேகமாகப் பாய்ந்து படுகையை அரிக்க ஆரம்பித்தது. அதைத் தடுக்க வேறு கட்டுமானம் தேவைப்பட்டது. ஆத்தில் ஒரு பக்கம் கை வைத்தால் இன்னொரு பக்கம் இழுக்கத்தான் செய்யும்.

கல்லணையைப் பார்த்து அவர் ஒன்று கற்றுக்கொண்டார். பாறை கிடைக்கும் வரை தோண்ட வேண்டாம், பெரிய கற்களை மணலிலேயே இறக்கினால் அணை நிற்கும் என்பதுதான் அது. பேர் தெரியாத நம்ம கொத்தனார்கள் அந்த ஐரோப்பிய இன்ஜினியருக்கு வாத்தியார் ஆனது எனக்கு ரொம்பப் பெருமை.

அந்தப் பாடம் கோதாவரியில் உதவியது. அங்கே 1833-ஐ ஒட்டி கொடும் பஞ்சம், 1839-ல் கடும் புயல். ஆறு நிறைய தண்ணி போகும், வயலோ காயும். 1844-ல் காட்டன் அறிக்கை கொடுத்தார். அணை மட்டும் கேட்கவில்லை. பாசன வாய்க்காலிலேயே படகும் போகணும், விளைஞ்ச நெல் துறைமுகம் வரை தண்ணியிலேயே போகணும், பாலமும் சாலையும் கூடவே வரணும் என்று எல்லாத்தையும் ஒன்றாகக் கேட்டார். கம்பெனிக்காரர்தானே, வரி கூடும் என்ற கணக்கையும் காட்டித்தான் அனுமதி வாங்கினார். 1847-ல் தவளேஸ்வரத்தில் தொடங்கிய வேலை 1852-ல் முடிந்தது. நடுவே தீவுகள் இருந்ததால் அணையை நாலு துண்டாகக் கட்டினார்கள். மொத்தம் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்த டெல்டா அதுக்கப்புறம் நெல் களஞ்சியம் ஆச்சு.

இன்னைக்கும் ஏரிக்கரைக்கு ஒரு ஆபீஸ், குடிதண்ணீர்க் குழாய்க்கு இன்னொரு ஆபீஸ். மனுவோட ரெண்டு இடத்துக்கும் நடக்கிறது நாமதான். அதனால் எனக்கு அணையை விட அந்த அறிக்கைதான் பெருசாத் தெரியுது.

ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தில் கால்வாய் வெட்டுங்கள், சரக்கும் போகும், பஞ்சமும் வராது என்று கடைசி வரை வாதாடினார். (இத்தனைக்கும் செங்குன்றத்தில் கல் ஏற்ற 1837-லேயே தண்டவாளம் போட்டவர் அவர்!) எல்லாம் அவர் சொன்னபடி நடக்கவில்லை. அவர் யோசனையில் வந்த கர்நூல் - கடப்பா கால்வாய் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம். 1882-ல் அரசாங்கமே அதை வாங்கியது. ஆனால் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான சனங்கள் செத்தபோது அவர் பேச்சு மறுபடி எழுந்தது. 1878-ல் லண்டன் பார்லிமெண்ட் கமிட்டி முன்னால், 75 வயசில் போய் உட்கார்ந்து பதில் சொன்னார். கமிட்டி அவர் பக்கம் சாயவில்லை.

வயசான காலத்திலும் சும்மா இருக்கவில்லை. டார்க்கிங் என்ற ஊரில், மண்ணை ஆழமாகக் கொத்தி கோதுமை விளைவித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1899-ல் 96 வயசில் இறந்தார்.

கோதாவரி ஊர்களில் அவருக்கு நிறைய சிலை உண்டு. தவளேஸ்வரத்தில் பழைய அணைக்குப் பதில் கட்டிய புது அணைக்கும் அவர் பேர்தான். நம்ம முக்கொம்பில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மேலணை மதகுகள் உடைந்து போச்சு. அதுக்குப் பதிலாக இப்போ பக்கத்திலேயே புது அணை கட்டியிருக்காங்க.